கிரைட்ஸ் சிற்றரசின் வெள்ளி நாணயங்கள்: எத்தனை அடிப்பது என்று முடிவுசெய்தது யார்?

ஜனவரி 12

மூத்த கிளை ராய்ஸ் என்னும் ஜெர்மானியச் சிற்றரசின் பரப்பு 316 சதுர கிலோமீட்டர். தலைநகர் கிரைட்ஸ், வெள்ளை எல்ஸ்டர் ஆற்றங்கரையில் இன்றைய துரிங்கியா மாநிலத்தில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதற்குச் சொந்த நாணயச்சாலை கிடையாது. ஆயினும் 1858இலும் 1868இலும் தன் இளவரசரின் முகம் பொறித்த வெள்ளித் தாலர்களை, அதாவது அக்காலத்துப் பெரிய வெள்ளி நாணயங்களை, அது வெளியிட்டது. முதல் ஆண்டில் 9,500, இரண்டாம் ஆண்டில் 7,100.

சேகரிப்பாளர்களிடையே இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம், குட்டி இளவரசர்கள் தங்கள் பெருமைக்காகக் கொஞ்சம் காசு அடித்துக்கொண்டார்கள் என்பதுதான். விற்பனைப் பட்டியல்களிலும் ஏறக்குறைய இதே தொனியைப் பார்க்கிறேன். இந்த விளக்கத்தை நான் ஏற்கவில்லை. பெருமைக்காக அடிப்பவர் பத்தாயிரம் என்றோ ஐயாயிரம் என்றோ நிறுத்தியிருப்பார். 7,100 என்ற எண்ணுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருந்தாக வேண்டும். அந்தக் கணக்கு 1857ஆம் ஆண்டின் வியன்னா நாணய ஒப்பந்தத்தில் இருக்கிறது என்பதே என் கருத்து. மாற்றுக் கருத்துள்ளவர்கள் எழுதுங்கள்.

ஜனவரி 12, இரவு

கணக்கைக் கேட்டிருக்கிறார்கள். 1857 ஜனவரி 24 அன்று கையெழுத்தான வியன்னா ஒப்பந்தம், உறுப்பு நாடு ஒவ்வொன்றும் 1862 முடிவதற்குள் தன் குடிமக்களில் நூறு பேருக்கு 24 என்ற விகிதத்தில் ஒன்றியத் தாலர் (ஒப்பந்த நாடுகளுக்கெல்லாம் பொதுவான ஒரே அளவுத் தாலர்) அடிக்க வேண்டும் என்றது. அதன் பிறகு நான்காண்டுக்கு ஒருமுறை நூறு பேருக்கு 16. கிரைட்ஸின் மக்கள்தொகை 1858 வாக்கில் நாற்பதாயிரத்தை ஒட்டி இருந்தது. அதற்கு 24 விழுக்காடு ஏறத்தாழ 9,500. 1867 இறுதியில் எடுத்த கணக்கெடுப்பில் மக்கள்தொகை 43,889. அதற்கு 16 விழுக்காடு 7,022, அடிக்கப்பட்டவை 7,100.

இரண்டு எண்களும் இப்படி ஒட்டி வருவதைத் தற்செயல் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

ஜனவரி 14

"வெள்ளி நாணயம் அடிப்பது லாபமான வேலைதானே, ஒப்பந்தம் போட்டுக் கட்டாயப்படுத்துவானேன்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இந்தக் கேள்விதான் விஷயத்தின் மையத்தைத் தொடுகிறது என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

தாலர் முழுமதிப்பு நாணயம். 500 கிராம் எடையுள்ள சுங்க ஒன்றியப் பவுண்டுத் தூய வெள்ளியிலிருந்து சரியாக 30 தாலர்தான் அடிக்கலாம். நாணயத்தின் பின்புறத்திலேயே "ஒரு பவுண்டுத் தூய வெள்ளிக்கு முப்பது" என்ற பொருளில் அது பொறிக்கப்பட்டிருக்கும். ஆயிரத்துக்கு 900 பங்கு தூய்மை, மொத்த எடை 18.5 கிராம், அதில் தூய வெள்ளி 16.67 கிராம். வெள்ளியை வாங்கி, அச்சு வெட்டி, நாணயச்சாலைக்குக் கூலியும் கொடுத்தால் வெளியிடும் அரசுக்கு மிச்சம் என்று சொல்லத்தக்க எதுவும் நிற்காது. சொந்த நாணயச்சாலை இல்லாத ஒரு சிற்றரசுக்கு அது செலவுக் கணக்கில் போய்விடும்.

சில்லறைக் காசின் கணக்கு வேறு. 1868இல் தாலருடன் கிரைட்ஸ் வெளியிட்ட ஒரு சில்பர்குரோஷனை எடுத்துக்கொள்ளுங்கள். முப்பது சில்பர்குரோஷன் சேர்ந்தால் ஒரு தாலர். அதன் எடை 2.2 கிராமை ஒட்டியது. அதில் வெள்ளி ஆயிரத்துக்கு 220 பங்கு மட்டுமே, மீதி செம்பு. ஒரு பவுண்டு வெள்ளியைச் சில்லறையாக்கினால் முப்பதுக்குப் பதிலாக முப்பத்து நான்கரைத் தாலர் மதிப்புக்குக் காசு கிடைக்கும். அந்த நான்கரைத் தாலரிலிருந்து கூலி போனாலும் கருவூலத்துக்கு ஏதோ ஒன்று மிஞ்சும். அதனால்தான் சிறிய அரசுகள் தலைமுறை தலைமுறையாகச் சில்லறையை மிகுதியாக அடித்து அண்டை நாடுகளுக்குள் தள்ளிவிட்டன. அந்தக் காசை வாங்கிய கடைக்காரரும் கூலித் தொழிலாளியும் நட்டப்பட்டார்கள்.

வியன்னா ஒப்பந்தம் இரண்டு பக்கமும் பிடித்தது. சில்லறைக்கு முப்பத்து நான்கரைத் தாலர் என்ற உச்சவரம்பு வைத்து, அதைப் பெரிய காசாக மாற்றிக் கொடுக்கும் கடமையையும் வெளியிட்ட அரசின் மேல் சுமத்தியது. பெரிய காசுக்கு மக்கள்தொகைப்படி ஒரு கீழ்வரம்பு வைத்தது. கிரைட்ஸின் தாலர் அந்தக் கீழ்வரம்பின் விளைவு. பெருமைச் சின்னம் என்று பேசுபவர்கள் அது அரசிடமிருந்து ஒரு கடன்போல வசூலிக்கப்பட்ட பங்கு என்பதைக் கவனிப்பதில்லை.

ஜனவரி 15

மேலே எழுதியதற்கு ஒரு சேர்க்கை. மக்கள்தொகைப்படி பங்கு என்பது வியன்னாவில் புதிதாகப் பிறந்த யோசனை அன்று. 1838இன் டிரெஸ்டன் நாணய ஒப்பந்தத்திலேயே இது இருக்கிறது. அப்போது பொது நாணயமாக வைக்கப்பட்டது இரட்டைத் தாலர். வட ஜெர்மனியின் இரண்டு தாலரும் தென் ஜெர்மனியின் மூன்றரை குல்டனும் ஒரே காசில் சமப்படுத்தப்பட்டன. எடை 37 கிராமுக்குச் சற்று மேல், விட்டம் நான்கு சென்டிமீட்டருக்கு மேல். கிரைட்ஸின் இளவரசர் இருபதாம் ஹைன்ரிக் 1841 முதல் அவ்வப்போது இதை வெளியிட்டார்.

கையில் வைத்துப் பார்த்தவர்களுக்கு அதன் குறை உடனே விளங்கும். அச்சு வேலை எவ்வளவு அழகாக இருந்தாலும் சந்தைக்குக் கொண்டுபோகும் காசாக அது இல்லை. மதிப்பும் பெரிது, உருவமும் பெரிது. நான் பார்த்த இரட்டைத் தாலர்களில் பெரும்பாலானவை பெட்டகத்தில் கிடந்தவை. மேடான பகுதிகளில் மெல்லிய தேய்மானமும் விளிம்பில் இடிபட்ட தடங்களும் மட்டுமே இருந்தன. 1857இல் ஒற்றைத் தாலரை முதன்மையாக்கியது இதைக் கண்ட அனுபவத்தால்தான்.

ஜனவரி 19

நாணயச்சாலை பற்றி. கிரைட்ஸின் தாலரில் முகத்துக்குக் கீழே 'ஏ' என்ற எழுத்து இருக்கும். அது பிரஷ்யாவின் தலைநகரான பெர்லின் நாணயச்சாலையின் குறி. 1858இல் இதில் வியப்பில்லை. 1868இல் அந்த எழுத்து இருப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனம் கனக்கிறது, காரணத்தைச் சொல்கிறேன்.

இருபதாம் ஹைன்ரிக் 1859 நவம்பரில் இறந்தபோது மகன் இருபத்திரண்டாம் ஹைன்ரிக்குக்கு வயது பதின்மூன்று. தாய் கரோலின் பொறுப்பாட்சி நடத்தினார். ஹெஸ்ஸன்-ஹோம்பர்க் குடும்பத்தில் பிறந்த அவர் பிரஷ்யாவைச் சிறிதும் நம்பாதவர். 1866இல் பிரஷ்யாவுக்கும் ஆஸ்திரியாவுக்கும் நடந்த போரில் கிரைட்ஸ் ஆஸ்திரியாவின் பக்கம் சாய்ந்தது. ஆகஸ்டில் பிரஷ்யப் படை ஊருக்குள் நுழைந்தது. தண்டமாக, பிரஷ்யாவின் போர் விதவையருக்கும் ஊனமுற்ற வீரர்களுக்குமான நிதிக்கு ஒரு லட்சம் தாலர் கட்ட வேண்டியதாயிற்று. 1868இல் அடித்த 7,100 தாலரை இதற்கு அருகில் வைத்துப் பாருங்கள்; தண்டம் அதைப்போல் பதினான்கு மடங்கு.

1867 மார்ச்சில், தன் இருபத்தொன்றாம் பிறந்தநாளில், மகன் ஆட்சியை ஏற்றார். அடுத்த ஆண்டே அவர் முகத்துடன் முதல் தாலர் வருகிறது, தன் நாட்டைத் தண்டித்த அரசின் தலைநகரில் அடிக்கப்பட்டு. அவர் வாழ்நாள் முழுவதும் பிரஷ்யாவுக்கு இணங்காமலே இருந்தார். 1871இல் பிரஷ்யாவின் தலைமையில் உருவான ஜெர்மன் பேரரசின் கூட்டாட்சி மன்றத்தில், அதன் தலைமை அமைச்சர் பிஸ்மார்க்கின் சட்டங்களுக்கு எதிராகக் கிரைட்ஸின் ஒற்றை வாக்கு மீண்டும் மீண்டும் விழுந்தது. அவரைப் பிடிவாதக்காரர் என்று எழுதியவர்கள் பலர். இருபது வயதில் தன் ஊரில் அந்நியப் படையைக் கண்டவர் வேறு எப்படி இருந்திருப்பார் என்று கேட்கத் தோன்றுகிறது.

ஜனவரி 20

பெயர்களின் எண் குழப்புகிறது என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். சுருக்கமாக: ராய்ஸ் குடும்பத்தின் ஆண்கள் எல்லோருக்கும் பெயர் ஹைன்ரிக். ஆட்சிக்கு வந்தவர் வராதவர் என்ற வேறுபாடின்றிப் பிறந்த வரிசையில் எண் கொடுப்பார்கள். மூத்த கிளை நூறு வரை எண்ணிவிட்டுத் திரும்பத் தொடங்கும் வழக்கம் வைத்திருந்தது. இளைய கிளை ஒவ்வொரு நூற்றாண்டிலும் ஒன்றிலிருந்து தொடங்கும். எனவேதான் இளைய கிளையின் 1862 தாலரில் அறுபத்தேழாம் ஹைன்ரிக்கும் 1868 தாலரில் பதினான்காம் ஹைன்ரிக்கும் இருக்கிறார்கள். முன்னவர் 1789இல் பிறந்த தந்தை, பின்னவர் 1832இல் பிறந்த மகன்.

இந்தக் குடும்பத்தின் நாணயங்களில் மிகப் பெரிய எண் லோபன்ஸ்டைன்-எபர்ஸ்டோர்ஃப் ஆண்ட எழுபத்திரண்டாம் ஹைன்ரிக்குடையது. அவர் 1848 புரட்சியின்போது பட்டத்தைத் துறந்தார். நாடு இளைய கிளையின் மற்றப் பகுதியோடு சேர்ந்தது. அவருடைய இரட்டைத் தாலர் ஏலத்துக்கு வந்தால் எனக்கு எட்டாத விலைக்குப் போய்விடுகிறது.

பிப்ரவரி 2

தாலர் காலத்துக் கணக்கை அப்படியே பேரரசுக் காலத்துக்கும் நீட்டலாமா என்ற கேள்விக்கு மறுமொழி எழுத நாளாயிற்று. எண்களை வரிசைப்படுத்திப் பார்த்த பிறகு, நீட்ட முடியாது என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். ஜனவரி 12இல் வைத்த வாதம் 1857 முதல் 1871 வரைக்கு மட்டுமே பொருந்தும்.

1873 ஜூலை 9ஆம் நாளின் நாணயச் சட்டம் வெள்ளிக்கு ஓர் உச்சவரம்பு வைத்தது: பேரரசு முழுவதிலும் தலைக்குப் பத்து மார்க் (பேரரசின் புதிய பணம்; மூன்று மார்க் ஒரு தாலருக்குச் சமம்). பின்னர் 1900இல் பதினைந்தாகவும் 1908இல் இருபதாகவும் அது உயர்ந்தது. இந்த அளவை கிரைட்ஸின் 45,000 சொச்சம் மக்களுக்குப் பொருத்தினால் 1870களில் நாலரை லட்சம் மார்க் அளவுக்கு வெள்ளி வர வேண்டும். உண்மையில் இளவரசரின் முகத்துடன் 1877இல் வந்தவை 20,000 இரண்டு மார்க் நாணயங்கள், அதாவது 40,000 மார்க். அதன் பிறகு 1892, 1899, 1901 ஆகிய ஆண்டுகளில் பத்தாயிரம் பத்தாயிரமாக. 1900இல் மக்கள்தொகை 68,000ஐத் தாண்டியிருந்தது. பங்கீட்டுக் கணக்கு எங்கும் உட்காரவில்லை. பத்தாயிரம் என்ற முழு எண், யாரோ ஒருவர் மேசையில் அமர்ந்து முடிவுசெய்ததைப் போல நிற்கிறது.

அப்படியானால் லாபமா? ஒரு பவுண்டு வெள்ளியிலிருந்து 100 மார்க் அடிக்கப்பட்டது. தாலர் கணக்கில் அதே பவுண்டு 90 மார்க்தான். ஆகவே முதல் நாளிலிருந்தே ஒரு மிச்சம் இருந்தது. பிறகு வெள்ளியின் விலை சரிந்தது. 1900 வாக்கில் கிலோ 80 மார்க்கைச் சற்று தாண்டிய விலை. பத்துக் கிராம் தூய வெள்ளி கொண்ட இரண்டு மார்க் நாணயத்தின் உள்ளே ஒரு மார்க்குக்குக்கூட வெள்ளி இல்லை. நல்ல லாபம்தான். ஆனால் வெள்ளி நாணயங்கள் பேரரசின் கணக்கில் அடிக்கப்பட்டன. லாபம் பேரரசின் கருவூலத்துக்குப் போனது. கிரைட்ஸுக்கு அதில் ஒரு பிஃபென்னிக்கூட இல்லை.

எஞ்சுவது முகம் ஒன்றுதான். இரண்டு மார்க்கும் அதற்கு மேலுமுள்ள வெள்ளி நாணயங்களில் ஒரு பக்கம் பேரரசின் கழுகு. மறுபக்கத்தில் அந்தந்த நாட்டு ஆட்சியாளரின் தலை அல்லது சுதந்திர நகரத்தின் சின்னம். ஒரு மார்க்கும் அதற்குக் கீழுள்ள காசுகளும் எல்லா நாட்டுக்கும் பொது. தலைநகரங்களின் இறையாண்மை ஒவ்வொன்றாகப் பெர்லினுக்குக் கைமாறிய காலத்தில், பணத்தின் மீது ஓர் இளவரசருக்கு மிஞ்சியிருந்தது இந்த ஒரு பக்கம் மட்டுமே. இருபத்திரண்டாம் ஹைன்ரிக் போன்ற ஒருவர் அதை விட்டுக்கொடுக்காமல் நான்கு முறை பயன்படுத்தியதை வெறும் தற்பெருமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெருமை என்ற சொல்லை ஏற்கத்தான் வேண்டும் என்றால் பேரரசுக் காலத்துக்கு மட்டும், அதுவும் இந்தப் பொருளில் ஏற்கிறேன்.

பிப்ரவரி 3

1877 நாணயத்தின் குறி 'பி'. அது ஹனோவர். 1875இல் வந்த கிரைட்ஸின் ஒரே தங்க இருபது மார்க்கும் ஹனோவரில்தான் அடிக்கப்பட்டது. "பெர்லினைத் தவிர்க்க இளவரசர் செய்த ஏற்பாடா?" என்று கேட்டவருக்கு: கதையாக நன்றாக இருக்கிறது, ஆனால் ஹனோவர் 1866 முதல் பிரஷ்யாவின் மாகாணம், அந்த நாணயச்சாலையும் பிரஷ்யாவுடையதே. அது 1878இல் மூடப்பட்டது. 1892 முதலான நாணயங்கள் மீண்டும் 'ஏ'.

பிப்ரவரி 11

இந்த நாணயங்கள் உண்மையில் புழங்கினவா, இல்லை அடித்த அன்றே பேழைக்குள் போயினவா? இதற்குக் காகிதத்தைவிட உலோகத்தை நம்பலாம்.

என்னிடமுள்ள 1877 இரண்டு மார்க் நன்றாகத் தேய்ந்தது. காதோரத் தலைமயிரின் கோடுகள் ஒன்றாகக் கலந்துவிட்டன. கழுகின் மார்புக் கவசம் வழவழவென்று இருக்கிறது. விளிம்பின் வரிப்பள்ளங்கள் ஒரு பக்கத்தில் ஆழம் குறைந்திருக்கின்றன. சட்ட எடை 11.11 கிராம், நம்மில் பலர் எடுத்துப் பார்த்திருக்கும் பழைய விக்டோரியா ரூபாயைவிடச் சற்று இலகு. என் நாணயம் அந்த எடைக்குத் தெளிவாகக் கீழே நிற்கிறது. இப்படித் தேய ஒரு காசு பல ஆயிரம் கைகளைக் கடந்திருக்க வேண்டும். 1899ஐயும் 1901ஐயும் நான் பெரும்பாலும் மிகக் குறைந்த தேய்மானத்துடனேயே பார்த்திருக்கிறேன். அதற்குள் நாணயம் சேர்ப்பது ஜெர்மானிய நடுத்தர வர்க்கத்தினரிடையே பரவியிருந்தது. குறைந்த எண்ணிக்கை என்பது வெளியான அன்றே தெரிந்திருக்கும்.

தேய்ந்த 1877இன் மேல் எனக்குத் தனிப் பற்று உண்டு. கிரைட்ஸ் நெசவாலைகள் நிறைந்த ஊர். அங்கே கூலியாகக் கொடுக்கப்பட்டு, ரொட்டிக் கடைக்குப் போய், வாடகையாகத் திரும்பி வந்திருக்கக்கூடிய காசு இது. பளபளப்பான பிரதிக்குக் கேட்கும் விலையில் சிறு பங்குக்கே கிடைக்கிறது. தரம் பார்ப்பவர்கள் இதை ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

ஒரு வேண்டுகோளும் சேர்த்துக்கொள்கிறேன். கறுத்த வெள்ளியைப் பற்பசையாலும் சோடா உப்பாலும் தேய்த்துப் படம் போட்டிருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அந்தக் கருமை வெள்ளியின் மேல் படிந்த சல்ஃபைடுப் படலம். அடியிலிருக்கும் மேற்பரப்பை அது பெரிதாகக் கெடுப்பதில்லை. தேய்ப்பதுதான் கெடுக்கும், அதைச் சரிசெய்ய வழியில்லை.

பிப்ரவரி 26

மூன்று மார்க் நாணயம் பற்றித் தனியாகக் கேட்டவருக்கு. 1908இன் சட்டத் திருத்தத்தால் மூன்று மார்க் நாணயம் வந்தது. பழைய தாலர் 1907 அக்டோபர் முதல் நாளில் செல்லாதாகும்வரை மூன்று மார்க்காகவே புழங்கியது. அந்த அளவுக் காசு இல்லாமல் மக்கள் சிரமப்பட்டதே புதிய காசுக்குக் காரணம். எடையை மட்டும் 16.67 கிராமாகக் குறைத்துக்கொண்டார்கள், அதில் தூய வெள்ளி 15 கிராம்.

கிரைட்ஸுக்கு 1909இல் பத்தாயிரம் அடிக்கப்பட்டது. அதிலுள்ள முகம் இருபத்துநான்காம் ஹைன்ரிக்குடையது. சிறுவயதிலேயே உடலும் உள்ளமும் பாதிக்கப்பட்ட அவரால் ஆள முடியவில்லை. 1902 முதல் 1918 வரை பட்டம் அவரிடமும் பொறுப்பாட்சி இளைய கிளை இளவரசர்களிடமும் இருந்தன. அச்சு வெட்டியவர் அவரை நிமிர்ந்த கழுத்தும் அமைதியான பார்வையுமுள்ள இளைஞராகக் காட்டியிருக்கிறார். அந்த முகத்தைக் கேலி செய்து எழுதப்பட்ட குறிப்புகளை நான் படித்திருக்கிறேன். அவை எனக்கு வருத்தம் தருகின்றன. அந்த மனிதர் யாருக்கும் தீங்கு செய்தவர் அல்லர். மூத்த கிளையின் முடிவும் அவரோடுதான். 1927இல் அவர் இறந்தபோது ஆண் வாரிசு இல்லை.

இதில் போலிகள் மிகுதி. முதலில் விளிம்பைப் பாருங்கள். இரண்டு மார்க்கின் விளிம்பில் வரிப்பள்ளம் மட்டும். மூன்று மார்க்கின் விளிம்பில் "கடவுள் எங்களோடு" என்ற பொருளுள்ள வாசகம் ஜெர்மன் மொழியில் பதிந்திருக்க வேண்டும். சென்ற ஆண்டு ஒரு விற்பனையாளர் எனக்குக் காட்டிய 1909 நாணயம் எழுத்துகளின் ஓரம் மழுங்கியும், எழுத்தோ உருவமோ இல்லாத வெற்றுப் பரப்பில் ஊசிமுனைக் குழிகளோடும் இருந்தது. வார்ப்பில் செய்தது என்பது உருப்பெருக்கிக் கண்ணாடி இல்லாமலே தெரிந்தது. விலை கேட்காமல் திருப்பிக் கொடுத்தேன். தராசும் அளவுகோலும் இல்லாமல் இந்த நாணயத்தை வாங்கப் போக வேண்டாம்.

மார்ச் 9

அடித்த எண்ணிக்கையை எஞ்சிய எண்ணிக்கையாக எண்ணிவிடக்கூடாது. 1907இல் செல்லாதாக்கப்பட்ட தாலர்களை அடுத்த ஆண்டு செப்டம்பர் வரை அரசு மாற்றிக் கொடுத்தது. வந்தவை உருக்கப்பட்டுப் புதிய வெள்ளிக் காசாயின. கிரைட்ஸ் தாலருக்கும் பிரஷ்யத் தாலருக்கும் உருக்கும் உலையில் வேறுபாடு கிடையாது. இரண்டு மார்க் நாணயங்களோ உலகப் போரின் நடுவே திரும்பப் பெறப்பட்டு, நினைவு நாணயங்கள் நீங்கலாக, 1918 தொடக்கத்தில் செல்லுபடியை இழந்தன. எனவே 7,100இல் எத்தனை மிஞ்சின என்று யார் உறுதியாகச் சொன்னாலும், ஏலப் பட்டியல்களில் வந்த படங்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டு எண்ணியிருக்கிறாரா என்று கேளுங்கள்.

மார்ச் 10

முதல் குறிப்பை எதிர்த்து வந்த கேள்விகளில் மிக வலுவானது நேற்று வந்தது: "1863 முதல் 1866 வரைக்கும் நூறு பேருக்கு 16 என்ற கடமை இருந்ததல்லவா? அந்த நான்காண்டில் கிரைட்ஸின் பெயரில் தாலரே இல்லையே?"

உண்மை, இல்லை. கரோலினின் பொறுப்பாட்சிக் காலம் முழுவதும் கிரைட்ஸ் தாலர் அடிக்கவில்லை. 1868இல் வந்த 7,100 ஒரே ஒரு தவணைக்குச் சமம், இரண்டு தவணைக்கு அன்று. ஒப்பந்தம் எண்ணிக்கையை நிர்ணயித்தது என்ற என் வாதத்தை இது குலைக்கவில்லை. அடித்தபோதெல்லாம் எண் பங்கீட்டின்படியே வந்திருக்கிறது. ஆனால் தவணை தவறினால் தண்டிக்க ஒப்பந்தத்துக்கு வலு இருந்ததா என்ற கேள்வியைத் திறந்துவிடுகிறது. மற்றச் சிற்றரசுகளின் 1863–1866 எண்ணிக்கைகளை மக்கள்தொகையோடு ஒப்பிட்டால்தான் கிரைட்ஸ் விதிவிலக்கா என்பது தெரியும். வால்டெக், ஷாம்பர்க்-லிப்பே, இரண்டு ஷ்வார்ட்ஸ்பர்க்குகள் ஆகியவற்றிலிருந்து தொடங்கலாம். இவற்றின் தாலர் வைத்திருப்பவர்கள் ஆண்டையும் நாணயச்சாலைக் குறியையும் இங்கே எழுதுங்கள்; நான் கணக்கெடுப்பு எண்களைச் சேர்க்கிறேன்.